டெப்பட் கவருக்கு ஒரு நெற்றி

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும், குருவிட்டவிலிருந்து வந்து உங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தேய்க்கும் அந்த ஒரு தங்கச்சிக்கும் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எத்தனையாம் நம்பர் தேய்க்கும் தாளுக்குப் பிறகு எத்தனையாம் நம்பர் தாள், பஃப் சக்கரத்துக்கு எந்த நிறச் சோப்பு என்பதையெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். ஹார்ட்வெயார் கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டாலும் சொல்லுவார். நான் சொல்லப்போவது கையை எப்போது எடுக்க வேண்டும் என்பதை மட்டும்தான். பதினைந்து வருடம் வீட்டில் உட்கார்ந்து கார்ச் சாமான்களின் அலுமினியத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கியவன் நான். இந்த விஷயத்தில் என்னைவிட அதிகம் தவறு செய்தவர் சப்ரகமுவவில் இருக்க முடியாது.

இப்போது எனக்கு ஓய்வு. மாலை, பொன்னாடை எதுவும் கிடையாது. ஓய்வு கொடுத்தவள் என் மனைவி பாக்கியம். அலுமினியத்தைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் கறுப்பாக ஒரு குழம்பு வடியும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கறுப்பு என் நகக்கண்ணில், கதவுக் கொண்டியில், முகம் துடைக்கும் துவாயில் எல்லாம் குடியேறியிருந்தது. ஒரு நாள் காலை, தட்டிலிருந்த தோசையில் என் பெருவிரல் ரேகை முழுசாகப் பதிந்திருந்தது. பொலிஸில் கொடுத்திருந்தால் ஆளைப் பிடித்திருப்பார்கள். பாக்கியம் அந்தத் தோசையை என் முன்னால் நகர்த்தி வைத்து, "இதோட போதுங்க" என்றாள். அவ்வளவுதான் என் பிரியாவிடைக் கூட்டம்.

ஆரம்பத்துக்கு வருகிறேன்.

பெல்மதுளையிலிருந்து மேலே ஏறும் ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் நான் ஃபிட்டர். இயந்திரங்கள் நிற்கும்போது ஓடுவதும், அவை ஓடும்போது நிற்பதும் என் வேலை. தோட்டங்களைக் கம்பனிகள் எடுத்துக்கொண்ட சில வருடங்களில், எங்கள் தொழிற்சாலையை மூடிவிட்டுக் கொழுந்தை லொறியில் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பேச்சு வந்தால் பின்னாலேயே நோட்டீசும் வரும் என்பது எங்களுக்குப் பழக்கமான ஒழுங்கு. பாக்கியம் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்க்கும் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்ததால் வீட்டைப் பறிக்க மாட்டார்கள். ஆனால் அந்த வீட்டுக்குள் நான் என்னவாக இருப்பது? நாற்பது வயதில் கொழுந்து கிள்ளப் பழகலாம் என்றால், பெண்கள் சிரித்தே என்னை மலையிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

அப்போதுதான் பாஸ் கிடைத்தார். சந்தியிலிருந்து கொஞ்சம் தள்ளி கராஜ் வைத்திருந்த சிங்கள மெக்கானிக். ஊரே அவரை பாஸ் என்றது, நானும் பாஸ் என்றேன். முதலில் பேர் கேட்கத் தோன்றவில்லை, பிறகு கேட்க வெட்கமாகிவிட்டது. இன்றுவரை தெரியாது. அவர் பழைய கார்களின் கறுத்துப்போன அலுமினியச் சாமான்களை என் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார், நான் தேய்த்துக் கொடுப்பேன். நன்றாக இருக்கிறது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வெளிச்சத்தில் சரித்துப் பார்ப்பார், பிறகு அடுத்த சாமானைத் தருவார். அதுதான் பாராட்டு. தராமல் போனால் என்ன அர்த்தம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பாடம் மூன்று சொல். "அத்த தியன்ன எப்பா." கை வைக்காதே என்பதுதான். வேலை முடிந்த சாமானைத் துணியில் சுற்றி வை, இன்னும் கொஞ்சம் என்று போய்த் தடவிப் பார்க்காதே, எவன் வந்து கேட்டாலும் விரலால் தொட விடாதே. வேலையைக் கெடுப்பது அவசரமில்லை, முடிந்த பிறகும் அடங்காத கைதான் என்பது அவர் கட்சி. நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் எப்போதும் கெட்டிக்காரன்.

ஒரு நாள் பாஸ் தனியாக வரவில்லை. கூடவே ஒரு மாணிக்கக்கல் முதலாளி வந்தார். முதலாளி வைத்திருந்தது பழைய இங்கிலீஷ் கார். ஒரு காலத்தில் எங்கள் பக்கத்துத் தோட்டத் துரை ஓட்டியது. பாஸ் அதற்கு உயிர் கொடுத்திருந்தார். மகள் கல்யாணம் முடிந்து கலவானைக்கு அந்தக் காரில்தான் புறப்பட வேண்டும், அதற்கு முன்னால் வீட்டு முற்றத்தில் பொனட்டைத் திறந்து வைத்து என்ஜினை ஊருக்குக் காட்ட வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. பெண்ணுக்கு அந்த ஆசை இருந்ததா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

என்ஜினின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் மூடிதான் டெப்பட் கவர். பொனட்டைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். அந்தக் காரில் இருந்தது வெடித்துப்போயிருந்தது. பாஸ் பல ஊர் தேடி, கடைசியில் கேகாலையில் ஒரு பழைய இரும்புக் கடையில் அதே மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். விரல் முட்டியால் தட்டி, சத்தத்தைக் கேட்டு, "சுத்தமான வார்ப்பு" என்று முதலாளிக்கு வாக்குக் கொடுத்து வாங்கியது. என் கைக்கு வந்தபோது அது கரிபிடித்த நீளப் பாண் ரொட்டி மாதிரி இருந்தது.

முகம் தெரிய வேண்டும் என்றார் முதலாளி. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"மொகம் என்ன முதலாளி, சவரமே பண்ணலாம்" என்றேன்.

பாஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். போகும்போது, இது நன்றாக வந்தால் முதலாளியின் கூட்டாளிகள் கார்களும் இருக்கின்றன, தொழிற்சாலையைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அவர் அளவில் அது ஒரு மேடைப் பேச்சு.

மூன்று வாரம் தேய்த்தேன். அந்த வேலையைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை, நன்றாக வந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக வந்த வேலை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஜன்னல் கம்பி, அதற்கு அப்பாலிருந்த மலை, மலைமேல் நின்ற மழை எல்லாம் அதில் தெரிந்தன. பாக்கியம் கூந்தல் முடிய அதன் முன்னால் வந்து நின்றாள். துணியில் சுற்றி வைத்தேன். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தது. இடையில் ஒரே ஒரு விசேஷம், ஆயுத பூசை.

தோட்டத்துத் தொழிற்சாலையில் ஆயுத பூசை எப்படி என்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ரோலர் முதல் கொழுந்து அள்ளும் கூடை வரை திருநீறு, சந்தனம், குங்குமம். பூசை முடிந்தால், மறுநாள் பிரிக்கும்வரை எந்த ஆயுதத்தையும் தொடக்கூடாது. அங்கே முடித்துவிட்டு வந்து வீட்டிலும் வைத்தேன். என் பழைய மோட்டார், பஃப் சக்கரம், அரம், தாள், தேய்க்கும் பலகை எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பட்டை போட்டேன். வரிசையின் கடைசியில், துணியை அவிழ்த்து, டெப்பட் கவரை வைத்தேன்.

பாக்கியம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அது நம்ம சாமான் இல்லீங்களே. முதலாளி சாமான். நம்மளுதுக்கு மட்டும் போடுங்க."

இந்த இடத்தில் என் குறை ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வாசிப்பவன். சந்தி நூலகத்தில் இருந்ததை எல்லாம் வாசித்தவன். சாமான் சுற்ற வந்த பழைய பத்திரிகையைக்கூட வாசித்து முடிக்காமல் சுற்றியதில்லை. அப்படிப்பட்டவர்கள் ஒரு தப்பைச் செய்வதற்கு முன்னால் அதற்கு ஒரு தத்துவம் சொல்லிவிடுவார்கள். கருவியை வணங்கும் நாம் கருவியின் பலனை வணங்காவிட்டால் அது நன்றிகெட்டதனம் என்று ஆரம்பித்தேன். உழைப்பில் உன்னுடையது என்னுடையது என்ற பேதம் கிடையாது என்று தொடர்ந்தேன். அதற்கு மேலும் இருந்தது. பாக்கியம், "போட்டுட்டு வாங்க, கடலை ஆறுது" என்றாள்.

டெப்பட் கவருக்கு நெற்றி எது என்று ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தது. எண்ணெய் ஊற்றும் துவாரத்தை வாய் என்று வைத்துக்கொண்டால் நெற்றி மறுபக்கம். திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து, மூன்று விரலால் அகலமாக ஒரு பட்டை இழுத்தேன். நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். சூடம் காட்டியபோது அதில் இரண்டு சுடர் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே நம்ம ஊர் மழை. வீடெல்லாம் ஈரம். எதையும் தொடாமல், மறுநாள்வரை அப்படியே விட்டோம்.

மறுநாள் காலை குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்து, கவரைத் துணியால் துடைத்தேன். தூள் போய்விட்டது. பட்டை போகவில்லை.

இன்னொரு முறை துடைத்தேன். மெட்டல் பொலிஷ் போட்டுத் துடைத்தேன். சுற்றியிருந்த இடமெல்லாம் இன்னும் பளபளத்தது, பட்டையின் மூன்று கோடும் இன்னும் அழகாக, சாம்பல் நிறத்தில் எழும்பி நின்றன. நடுவில் பொட்டு கறுத்து, சொரசொரவென்று உட்கார்ந்திருந்தது. வைத்தது ஒரு நாளைக்கு. அது நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

காரணம் பிறகு புரிந்தது. சாம்பலில் காரம் இருக்கிறது, குங்குமத்தில் சுண்ணாம்பு இருக்கிறது. ஈரத்தோடு கிடந்தால் வெற்று அலுமினியத்தைக் கடித்துவிடும். இரும்பு இத்தனை காலமாக எங்கள் திருநீற்றை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்ததால் எல்லா உலோகமும் பக்தி உள்ளது என்று நான் நினைத்திருந்தேன். இதையே பாக்கியம் ஒரு வரியில் சொன்னாள்.

"அலுமினியச் சட்டிய நான் சாம்பல் போட்டுத் தேய்க்கிறதில்லையே, கறுத்துப்போகும்னு. ஒங்களுக்குத் தெரியாதா?"

"நேத்து ஏன் சொல்லல?"

"நீங்கதான் பேசிக்கிட்டிருந்தீங்களே."

பாஸ் பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. அப்போது எட்டு. முழுவதையும் திரும்பத் தேய்க்க இரண்டு நாளாவது வேண்டும். இங்கேதான் கவனிக்க வேண்டும், தம்பிமாரே. நேரம் இல்லாதபோது ஒரு புத்தி வரும். கறை இருக்கும் இடத்தை மட்டும் தேய்த்துவிடுவோம் என்று சொல்லும். எனக்கும் சொன்னது. பூசையைப் பிரிக்காமலே தாளைக் கையில் எடுத்தேன், ஒரு பாவத்தோடு நிறுத்துவானேன் என்று. பொட்டை மட்டும் தேய்த்தேன். ஒரு மணி நேரத்தில் பொட்டு போய்விட்டது. பொட்டு இருந்த இடத்தில் கரண்டிக் குழி மாதிரி ஒரு பள்ளம். குனிந்து பார்த்தேன், அதில் என் மூக்கு மட்டும் பலாப்பழம் மாதிரி தெரிந்தது.

விடாமல் பட்டையின் முதல் கோட்டில் தாளை வைத்தேன். பாக்கியம் வாசலில் வந்து நின்றாள். அவள் பார்த்தது பட்டையை அல்ல.

"கல்யாண வண்டிங்க. பொட்டையா அழிச்சீங்க?"

கை அப்படியே நின்றுவிட்டது. அவள் சொல்லும்வரை நான் அழித்தது கறை. சொன்ன பிறகு வேறு. யாரோ ஒரு வீட்டுப் பெண் நாளை மறுநாள் ஏறிப்போகும் வண்டியில் பொட்டை அழித்தவன் என்று என்னைப் பற்றி ஒரு வாக்கியம் இருக்கிறது, அதைத் திரும்பப் பொலிஷ் பண்ண முடியாது. தாளைக் கீழே வைத்தேன். பிற்காலத்தில் இதைப் பலரிடம், சரியான நேரத்தில் வேலையை நிறுத்திய தொழில் முடிவு என்று சொல்லியிருக்கிறேன். நம்பியவர்கள் மன்னிக்க வேண்டும்.

பத்து மணிக்கு பாஸ் வந்தார். முதலாளியும் வந்தார்.

இனிமேல் நடந்த பேச்செல்லாம் சிங்களத்தில். நம்ம பக்கம் அது பள்ளிக்கூடத்தில் படிக்காமலே வருவது, அதனால் நம்ம பேச்சிலேயே தருகிறேன். துணியைப் பிரித்தேன். இரண்டு பேரும் குனிந்தார்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்த யுத்தக் காலம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கும் தெரியும். சிங்கள வீட்டுக் கல்யாணக் காரில் தோட்டத்துத் தமிழன் திருநீற்றுப் பட்டை போட்டுவிட்டான் என்று சந்தியில் ஒரு பேச்சுக் கிளம்பினால் அது எங்கே போய் நிற்கும் என்று யாரால் சொல்ல முடியும்? தொழிற்சாலையும் போய், இதுவும் போய்விட்டால்? வாய் தானாகத் திறந்தது.

"இது வார்ப்புலயே இருந்த கறை, முதலாளி. தேய்க்கத் தேய்க்க மேல வருது."

முதலாளி சட்டைப் பையிலிருந்து கல் பார்க்கும் கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வேறு யாராயிருந்தாலும் நம்பியிருப்பார்கள். நான் பொய் சொல்லத் தேர்ந்தெடுத்த ஆள், பிறவிக் கறையையும் பின்னால் வந்த கறையையும் பிரித்துப் பார்த்தே வீடு கட்டியவர்.

"முப்பது வருஷமா கல்லு பாக்குறேன்" என்றார். "பொறப்புலயே வந்த கறை பொகை மாதிரி இருக்கும், எறகு மாதிரி இருக்கும். ஒரே அகலத்துல, எடைவெளி விட்டு, மூணு கோடா வந்தத நான் பாத்ததில்ல."

பட்டைக்கு மேலே தொடாமல் தன் மூன்று விரலை நீட்டிப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. பிறகு நிமிர்ந்து என் நெற்றியைப் பார்த்தார்.

குளித்தவுடன் நான் பூசிய திருநீறு அங்கே அப்படியே இருந்தது.

"நேத்து பூசைங்க" என்றேன். "நான்தான் வச்சேன்."

"பொட்டும் வச்சியா?"

"வச்சேன்."

"எங்க?"

"அழிச்சிட்டேன்."

முதலாளிக்குக் கோபம் வந்தது அப்போதுதான். நான் இரவெல்லாம் பயந்திருந்தாலும் இந்தக் கோபத்தை எதிர்பார்த்திருக்க மாட்டேன். தெய்வத்துக்கு வைத்த பூசையை, தெய்வம் ஏற்றுக்கொண்டு உலோகத்திலேயே எழுதியிருக்க, தாளை வைத்துத் தேய்க்க எனக்கு என்ன தைரியம் என்று கேட்டார். மாணிக்கக் குழி தோண்டும் ஒவ்வொரு தடவையும் விளக்கு ஏற்றாமல் மண்வெட்டியைத் தொட்டதில்லையாம். வருடம் தவறாமல் கதிர்காமத்து முருகனிடம் போகிறவராம். சட்டைப் பையிலிருந்து மடித்த கடதாசிப் பொட்டலங்களை எடுத்துப் பலகையில் போட்டார். இரண்டில் கல். மூன்றாவதில் கதிர்காமத்துத் திருநீறு. அதைப் பிரித்து, இரண்டு விரலில் எடுத்து, நான் தோண்டிய பள்ளத்தில் வைக்கக் குனிந்தார்.

பாஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். அன்று அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"முதலாளி, அத்த தியன்ன எப்பா."

கவரைச் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். முதலாளி என்னைக் கல்யாணத்துக்கு வரச் சொன்னார். தப்பித்தோம் என்று நினைத்தேன். படியின் கடைசியில் பாஸ் திரும்பினார்.

"வார்ப்பு நல்ல வார்ப்பு" என்றார். போய்விட்டார்.

அவர் வளைவைத் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. வார்ப்பில் கறை என்று நான் சொன்ன அந்த ஒரு வரியில், தப்பு என் கையிலிருந்து பாஸின் கைக்குப் போயிருந்தது. கேகாலைவரை தேடிப்போய், தட்டிப் பார்த்து, சுத்தம் என்று முதலாளிக்கு வாக்குக் கொடுத்தவர் அவர். முதலாளி கொஞ்சம் கல் தெரியாதவராக இருந்திருந்தால், நான் யோக்கியன், பாஸ் ஏமாற்றுக்காரர். எதிரிலேயே அவர் நின்றுகொண்டிருந்தார், நான் அவர் கண்ணைப் பார்க்காமல் சொன்னேன்.

கல்யாணத்துக்குப் போனோம். முற்றத்தில் பொனட் திறந்திருந்தது. வந்தவர்கள் வரிசையாகக் குனிந்து பார்த்தார்கள். பட்டைக்கு நடுவில் இருந்த பள்ளத்தில் ஒவ்வொருவர் முகமும் பெரிதாகித் தெரிந்தது. அது மூன்றாவது கண் என்று யாரோ சொல்ல, பந்தி முடிவதற்குள் எல்லோரும் அப்படியே சொன்னார்கள். என் வாழ்க்கையின் மிக மோசமான ஒரு மணி நேர வேலைக்கு முன்னால் கைகூப்பி நின்றவர்களை நான் கண்ணால் பார்த்தேன். மூன்று வாரம் தேய்த்த மிச்ச இடத்தைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை. பாஸ் காரின் மறுபக்கம் நின்று, சுத்தமாக இருந்த ஒரு ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. பெண் காரில் ஏறும்போது பாக்கியம் அவள் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நல்லா இருப்பா" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்.

அடுத்த வாரம் பாஸ் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. தொழிற்சாலை நோட்டீஸ் வந்தது. பெல்ட்டை எல்லாம் கழற்றி, எண்ணெய் பூசி, சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். சுத்தமான துவாய், சுத்தமான தோசை. அதைப்போல் பயங்கரமானது வேறில்லை.

வேறு ஆட்கள் வந்தார்கள். முதலாளியின் கூட்டாளிகளில் ஒருவர் தன் காரின் கவரைக் கொண்டுவந்தார். ஒரு லொறிக்காரர் ஏதோ ஒரு மூடியைக் கொண்டுவந்தார். பளபளப்பு யாருக்கும் வேண்டாம், பட்டைதான் வேண்டும். கை கூசியது, இருந்தாலும் வாங்கி வைத்தேன். லொறிக்காரர் மூடியைத் தேய்த்து, சூடம் காட்டி, அதே திருநீறு, அதே மூன்று விரல். மறுநாள் துடைத்தால் பளிச்சென்று இருந்தது. எந்தக் கறையும் இல்லை. அன்றைக்கு மழை இல்லை, காய்ந்துபோயிருக்கும் என்று தண்ணீர் தெளித்து வைத்தேன். இந்த முறை முழு மூடியும் தேமல் பிடித்த மாதிரி ஆனது. சரியாக வேலை செய்யச் சில வருடப் பழக்கம் போதும், ஒரு தப்பை அச்சுப் பிசகாமல் இரண்டாம் முறை செய்ய எந்தப் பழக்கமும் போதாது.

"சாமியக் கூலிக்குக் கூப்புட்டா வருவாரா?" என்றாள் பாக்கியம். தேமலைத் தேய்த்து எடுத்து, சாமான்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தேன்.

பிறகு முதலாளி வீட்டுக்குப் போனேன். நேர்மையால் போனேன் என்று எழுத ஆசைதான். வேறு போக்கிடம் இல்லாமல் போனேன். அந்த வார்ப்பில் ஒரு குறையும் இல்லை, பாஸ் சொன்ன வாக்கு சரி, நான் சொன்னது பொய் என்றேன். முதலாளி வெற்றிலையை மென்றுகொண்டு, அதை ஏன் என்னிடம் சொல்கிறாய் என்பது போலப் பார்த்தார். அவரைப் பொறுத்தவரை அது வார்ப்பின் விஷயமே இல்லை. அங்கிருந்து கராஜுக்கு நடந்தேன்.

பாஸ் ஒரு காருக்கு அடியில் இருந்தார். வெளியே தெரிந்தது இரண்டு பாதம். என்னைக் கண்டும் வெளியே வரவில்லை. பாதத்திடமே சொன்னேன்.

"பாஸ், அது நல்ல வார்ப்பு. கறை நான் வச்சது. பயத்துல ஒங்க மேல போட்டுட்டேன். முதலாளிகிட்டயும் சொல்லிட்டுத்தான் வர்றேன்."

பாதம் அசையவில்லை. "அவருக்குத் தெரியும்" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"தெரியும்னு எனக்கும் தெரியும், பாஸ். இருந்தாலும் நான் சொல்லணும்ல."

கொஞ்ச நேரம் ஸ்பானர் சத்தம். பிறகு காருக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்து, மேசைமேல் கறுத்துக் கிடந்த ஒரு கார்புரேட்டரைக் காட்டியது.

"வெள்ளிக்கெழமை வேணும்."

அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த வேகத்தில் நான் பஸ்ஸைக்கூடப் பிடிக்கவில்லை. அன்றைக்குத் துவாய் கறுப்பானபோது பாக்கியமே ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே உங்களுக்கு என் புத்திமதி சுருக்கமானது. வேலையில் தப்பு வந்தால் தாளைக் கீழே வையுங்கள், வாயையும் மூடுங்கள், திறந்தால் தப்பு யாருடையது என்பதை முதலில் சொல்லுங்கள். பொய் சொல்லியே ஆக வேண்டும் என்றால், குறைந்தபட்சம் நெற்றியைத் துடைத்துவிட்டுச் சொல்லுங்கள்.

அடுத்த வருடம், ஆயுத பூசைக்கு முதல்நாள், பாஸ் ஒரு பெரிய சாக்கோடு வீட்டுக்கு வந்தார். யாரும் வரச்சொல்லவில்லை. முடிந்தது, முடியாதது, தொடாதது என்று என் வீட்டில் இருந்த அலுமினியம் முழுவதையும் ஒவ்வொன்றாகச் சாக்கில் போட்டார். அலமாரிக்கு அடியில் குனிந்து பார்த்தார். சமையலறை வாசலில் நின்று பாக்கியத்திடம், வேறு ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறாரா என்று கேட்டார். அவள் சட்டியைத் தூக்கிக் காட்டி, இது மட்டும்தான், இதைச் சாமிகிட்ட வைக்க மாட்டார் என்றாள். ஒவ்வொரு வருடமும் நான் தொழிலை விடும்வரை, அந்த நாளில் அவர் அந்தச் சாக்கோடு வந்தார்.

அந்த முதல் முறை, சாக்கின் வாயைக் கட்டிவிட்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். இடுப்பிலிருந்து தன் ஸ்பானரை எடுத்தார், கல்யாணத்தன்று துடைத்துக்கொண்டிருந்த அதே ஸ்பானர். என் மோட்டாருக்கும் அரத்துக்கும் நடுவில் இடம் பண்ணி, பலகைமேல் வைத்தார்.

"இதுக்கு வை. இது இரும்பு" என்றார். "நாளன்னைக்குக் காலையில வந்து எடுத்துக்கிறேன். அதுவரைக்கும் அத்த தியன்ன எப்பா."